தாய்மார் மறைக்கும் நோய்



சரித்திரம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டு 34 ஆண்டுகள் கழித்தவன் நான். பானிப்பட்டுப் போர்கள் மூன்றும் எந்தெந்த ஆண்டில் நிகழ்ந்தன என்று உறக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆயினும், பெண் மக்களின் உயிரைக் குடிக்கும் ஒரு நோயின் சரித்திரத்தை நான் வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லத்தக்க சரித்திரம் அதற்கு ஒன்று உண்டென்பதையும் அறிந்திருக்கவில்லை. என் தமக்கையை அந்நோய்க்குப் பறிகொடுத்த பின்னரே அதைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். கருப்பையிலும் அதன் வாயிலும் சூலகத்திலும் தோன்றும் புற்றுநோய்களைப் பற்றியே இன்று உங்களிடம் பேசப் போகிறேன். வயது முதிர்ந்த ஓர் ஆண் மகன் இதனைப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். இத்தகைய எண்ணமே எங்கள் வீட்டில் ஓர் உயிரைக் கொண்டுபோயிற்று, ஆதலால் பேசுகிறேன்.

என் அக்காளுக்கு மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகள் ஆன பின், 2003ஆம் ஆண்டில் மீண்டும் உதிரப்போக்குக் கண்டது. போனது திரும்பி வந்திருக்கிறது என்று அவள் எண்ணிக்கொண்டாள். எட்டு மாதங்கள் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொன்னபோது உடல் பாதியாக இளைத்திருந்தாள். அத்தான் அப்போது உயிரோடு இல்லை. ஆகவே நானே அவளைப் பக்கத்து நகரத்தில் ஒரு மருத்துவ மனைக்கு அழைத்துச் சென்றேன். "கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்றார்கள். காகிதத்தை நீட்டினார்கள், கையொப்பமிட்டேன். ஏன் இரத்தம் போகிறது என்று நான் கேட்கவில்லை. எடுத்த உறுப்பைச் சோதனைக்கு அனுப்பினீர்களா என்றும் கேட்கவில்லை. இக்குற்றத்தில் என் பங்கு என்ன என்பதைப் பேச்சின் முடிவில் சொல்லுவேன். அதற்கு முன் இந்நோயின் சரித்திரத்தைக் கேளுங்கள்.

பெண் ஒருத்தி தன் வயிற்று நோய்க்குத் தக்க வைத்தியனைத் தேடிப் புறப்பட்ட கதைகளுள் புகழ் பெற்றது 1809ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்தது. கென்டக்கி நாட்டுப்புறத்தில் ஜேன் டாட் கிராபர்ட் என்ற மாதின் வயிறு பெருத்துக்கொண்டே வந்தது. கர்ப்பம் என்றே சுற்றியிருந்தோர் நம்பினர். எப்ரைம் மக்டவல் என்ற மருத்துவர் சோதித்து, இது குழந்தையன்று, சூலகத்தில் வளர்ந்த கட்டி என்றார். இத்தகைய கட்டியை அறுத்தெடுத்து எவரும் பிழைத்ததாகத் தமக்குத் தெரியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். தம் ஊரான டான்வில்லுக்கு வந்தால் முயன்று பார்க்கலாம் என்றார். அம்மாது 60 மைல் தூரம் குதிரை மேல் சென்று, மயக்க மருந்து என்பதே இல்லாத அக்காலத்தில் அறுவைக்கு உடன்பட்டாள். 25 நிமிஷத்தில் ஏறக்குறைய 22 ராத்தல் எடையுள்ள கட்டி வெளியே எடுக்கப்பட்டது. அதன் பின் அவள் 32 ஆண்டுகள் வாழ்ந்தாள். மருத்துவரின் கைத்திறனைப் போலவே அவர் உள்ளதை உள்ளபடி சொன்னதும், நோயாளி அதைக் கேட்டுத் தானே முடிவு செய்ததும் போற்றத்தக்கவை.

கருப்பை வாய்ப் புற்றின் காரணத்தைப் பற்றிய முதற் குறிப்பை அளித்தது வேறொரு நாடு. இத்தாலியில் வெரோனா நகரத்து மரணப் பதிவேடுகளை ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1842இல் வெளியிட்டார். 1760 முதல் 1839 வரை அந்நகரில் மாண்ட பெண்களை அவர் வகைப்படுத்திப் பார்த்தார். துறவு பூண்ட கன்னியரிடம் கருப்பைப் புற்று மிக அரிதாகவும், மணமான மாதரிடம் மிகுதியாகவும் இருக்கக் கண்டார். நோய்க்கும் இல்லறத்திற்கும் ஏதோ தொடர்பு உண்டென்பது இதனால் தெரிந்தது. ஆனால் அத்தொடர்பு இன்னதென்று துலங்க மேலும் 140 ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

காரணம் தெரியாவிடினும் சிகிச்சையைத் தேடுவோர் ஓய்ந்திருக்கவில்லை. 1898ஆம் ஆண்டை இந்நோயின் சரித்திரத்தில் ஒரு பெரிய திருப்பம் எனலாம். அவ்வாண்டு நவம்பரில் வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்ட்ஹைம், கருப்பையை மட்டுமன்றி அதைச் சூழ்ந்த இழைகளையும் நெறிகட்டும் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்கும் விரிவான அறுவையைச் செய்தார். அடுத்த மாதமே, பாரிஸில் கியூரி தம்பதிகள் ரேடியத்தைக் கண்டுபிடித்த செய்தியை வெளியிட்டனர். கத்தி, கதிர் என்னும் இரண்டு ஆயுதங்களும் ஒரே பருவத்தில் தோன்றின என்று சொல்லலாம். தொடக்கத்தில் வெர்ட்ஹைமின் அறுவைக்கு உட்பட்டோர் பலர் மேசையிலேயோ அதனை அடுத்தோ மாண்டனர். ரேடியத்தின் அளவு அறியாமல் கையாண்டு புண்பட்டோரும் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஸ்டாக்ஹோம், பாரிஸ், மான்செஸ்டர் ஆகிய நகரங்களில் எவ்வளவு ரேடியத்தை எவ்வளவு நேரம் வைப்பது என்று முறைகள் வகுக்கப்பட்டன. இன்று ரேடியத்தின் இடத்தில் வேறு கதிர்ப்பொருள்கள் வந்துவிட்டன. எனினும் உள்ளிருந்தே கதிர் பாய்ச்சும் அந்தத் தத்துவம் மாறவில்லை. கதிருடன் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் மிகுதி என்பது 1999இல் வெளிவந்த ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அறியாமல் அறுவையா கதிரா என்று தீர்மானிக்க இயலாது. அதனால்தான் நோயைப் படிகளாக வகுக்கும் முறை 1920களின் இறுதியிலேயே ஏற்பட்டது. தொடக்கப் படியில் உள்ளவளுக்கு அறுவை ஏற்கும். அப்படியைக் கடந்தவளுக்குக் கதிரும் மருந்துமே வழி. படியை அறியாமல் கத்தியை எடுப்பது, ஆழம் அறியாமல் ஆற்றில் இறங்குவதை ஒக்கும்.

இனி, நோய் தோன்றுமுன் அதனைக் கண்டறியும் முறை வந்த வரலாறு. ஜார்ஜ் பாப்பனிக்கொலாவ் என்பவர் கிரேக்க நாட்டில் 1883இல் பிறந்தவர். 1913இல் மனைவி ஆந்திரோமாக்கியுடன் நியூயார்க் வந்து சேர்ந்தார். சீமைப் பெருச்சாளிகளின் பிறப்பு வழியிலிருந்து வழித்தெடுத்த உயிரணுக்களைப் பூதக்கண்ணாடியில் ஆராய்வது அவர் வேலை. பெண்களிடமும் இதே சோதனை பயன்படுமா என்று அறிய அவர் மனைவியே முன்வந்தார். பல ஆண்டுகள் தம் உடலையே சோதனைக்கு உதவினார். 1928இல் புற்றுநோய் அணுக்களை இம்முறையால் காணலாம் என்று பாப்பனிக்கொலாவ் அறிவித்தார். ருமேனியாவில் ஆரெல் பாபேஷ் என்பவரும் அதே காலத்தில் இதையொத்த முறையைக் கண்டார். மருத்துவ உலகம் இருவரையும் பொருட்படுத்தவில்லை. டிராட் என்ற மகளிர் மருத்துவருடன் சேர்ந்து அவர் 1941இல் கட்டுரையும் 1943இல் நூலும் வெளியிட்ட பின்னரே உலகம் செவி சாய்த்தது. "பாப் சோதனை" என்று இன்று வழங்குவது அவர் பெயரால் வந்ததே. வலியில்லாமல் சில நிமிஷத்தில் முடியும் இச்சோதனை, புற்று உருவாவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அணுக்களில் தோன்றும் மாறுதலைக் காட்டிக் கொடுக்கிறது. அப்போதே அந்த இடத்தை மட்டும் நீக்கிவிட்டால் பெரும்பாலும் புற்று வருவதில்லை.

1951ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து மருத்துவ மனைக்கு ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினத் தாய் உதிரப்போக்குடன் வந்தாள். கருப்பை வாய்ப் புற்று அவளை அவ்வாண்டு அக்டோபரிலேயே கொண்டுபோயிற்று. அவளுக்கு வயது 31. ஆனால் அவளைக் கேட்காமலே எடுக்கப்பட்ட அணுக்கள், சோதனைக் கூடங்களில் இன்றளவும் சாகாமல் பெருகி வருகின்றன. ஜெர்மானியரான ஹரால்டு சுர் ஹௌசன், பாப்பிலோமா என்னும் வைரஸ் கிருமியே இப்புற்றுக்குக் காரணம் என்று பல ஆண்டுகள் வாதாடியவர். 1983இலும் 1984இலும் அக்கிருமியின் 16ஆம், 18ஆம் வகைகளை அவர் கூட்டத்தார் பிரித்துக் காட்டினர். அவ்விரண்டில் 18ஆம் வகை, அத்தாயின் அணுக்களிலும் இருந்தது. 2008இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. வெரோனா நகரத்துக் கன்னியர் மடங்கள் உணர்த்திய புதிர் இவ்வாறு விடுபட்டது.

கிருமி இல்லற உறவில் பரவுவது என்றவுடன் நோயுற்ற பெண்ணின் நடத்தையை ஐயுறும் பேதைமை நம்மிடம் உண்டு. இக்கிருமி சளி இருமலைப் போல மிகப் பொதுவானது. இல்லறம் நடத்தும் ஆண் பெண் இருபாலரில் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒரு முறையேனும் தொட்டு, பெரும்பாலும் தானே அகன்று விடுகிறது. அகலாமல் பல ஆண்டுகள் தங்கும் சிலரிடமே புற்று விளைகிறது. கற்பே உருவான மனைவிக்கும் அது வரும். இதில் வெட்கத்திற்கு இடமே இல்லை.

காரணம் தெரிந்ததும் தடுப்பூசி வழி திறந்தது. ஆஸ்திரேலியாவில் இயான் பிரேசரும் சீனரான ஜியான் ஜௌவும் 1991இல் அதற்கு அடிகோலினர். 2006இல் தடுப்பூசி வழக்கத்திற்கு வந்தது. ஸ்வீடன் நாட்டில் 17 வயதுக்கு முன் ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம் இப்புற்று 88 சதவீதம் குறைந்திருப்பதாக 2020இல் வெளிவந்த ஆராய்ச்சி கூறிற்று. நம் நாட்டிலேயே உருவான தடுப்பூசிக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. 9 முதல் 14 வயதுக்குட்பட்ட சிறுமியருக்குப் போடுவதே மிகுந்த பலன் தருவது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1866இல் வழக்கறிஞரான கணவருடன் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கில மாது, ஆண் மருத்துவரிடம் காட்ட நாணி நம் பெண்கள் மடிவதைக் கண்டு மனம் பதைத்தார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவியருள் ஒருவரானார். 1885இல் கோஷாப் பெண்களுக்கென ஓர் ஆஸ்பத்திரியை நிறுவினார். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி பெயரால் இன்று விளங்குவது அதுவே. பெண்ணின் நோயைப் பெண்ணே கேட்க வேண்டும் என்ற எண்ணத்திற்கு நம் நகரத்தில் கட்டடம் எழுந்தது அவ்வாறு.

அவ்வழியில் பின்னர் வந்தவர் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்ட சபையில் அமர்ந்தார். இவை பள்ளி நூல்களில் உள்ளன. அவர் தங்கை 1923இல் புற்றுநோயால் மாண்டார் என்பதை நூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. தாம் மருத்துவராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற இயலாத துயரம் அவரை விட்டு நீங்கவே இல்லை. 1935இல் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்ற விருப்பத்தை வெளியிட்டார். தீராத நோய்க்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று எண்ணியவர்கள் அன்று பலர். அவர் விடவில்லை. மாதர் சங்கத்தின் துணையுடன் நிதி திரட்டினார். 1952இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் குடிசைகளில் அந்த நிலையம் தொடங்கிற்று. அவர் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனை வளர்த்தனர். சாந்தா அம்மையார் 2021இல் மறையும் வரை, 65 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே வாழ்ந்து பணி செய்தார்.

நம் திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களுக்கும் இச்சரித்திரத்தில் ஓர் இடம் உண்டென்றால் நீங்கள் வியப்பீர்கள். பாப் சோதனைக்குப் பூதக்கண்ணாடியும் பயின்ற நிபுணரும் வேண்டும். சிற்றூருக்கு அது எட்டுவதில்லை. கருப்பை வாயில் நீர்த்த காடித் திராவகத்தைத் தடவி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், மாறுதல் உற்ற இடம் வெண்மையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்யலாம். 2000ஆம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயது வரையுள்ள திண்டுக்கல் மாதருக்கு இச்சோதனை அளிக்கப்பட்டது. 49,000க்கு மேற்பட்டோர் அழைக்கப்பட, 31,000க்கு மேற்பட்டோர் வந்தனர். ஒரே ஒரு முறை செய்த சோதனையால், சோதனை அளிக்கப்படாத ஊர்களைவிட நோய் 25 சதவீதமும் அதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன என்று 2007இல் வெளியான ஆராய்ச்சி உலகிற்கு அறிவித்தது. கூச்சத்தை விட்டு வந்த கிராமத்துத் தாய்மார்கள் உலகிற்கே பாடம் கற்பித்தார்கள் என்பது மிகையன்று.

2020இல் உலக சுகாதார நிறுவனம், கருப்பை வாய்ப் புற்றை ஒழிக்க ஓர் இலக்கு வகுத்தது. 2030க்குள் 15 வயதுக்குட்பட்ட சிறுமியரில் 90 சதவீதத்தினருக்குத் தடுப்பூசி. 35 வயதிலும் 45 வயதிலும் 70 சதவீத மாதருக்குச் சோதனை. நோய் கண்டவருள் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை. ஆனால் நம் நாட்டிலோ, 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. 80,000 பேர் வரை மாண்டனர் என்பது உலகக் கணக்கு. தடுக்கத்தக்க நோயில் இத்தனை பேரை இழப்பது நாட்டிற்கே இழுக்கன்றோ?

மற்ற இரண்டையும் சுருங்கச் சொல்லுகிறேன். கருப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்று, பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பின் உதிரப்போக்காகத் தன்னைக் காட்டிக் கொள்ளும். உடற்பருமனும் நீரிழிவும் உடையோர் கூடுதலாக விழிப்புடன் இருக்க வேண்டும். அந்த முதல் துளியை எச்சரிக்கையாகக் கொண்டால் பெரும்பாலோரைப் பிழைக்க வைக்கலாம். சூலகப் புற்றோ வஞ்சகமானது. வயிறு உப்புதல், சிறிது உண்டதும் நிரம்பிய உணர்ச்சி, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போதல் ஆகியவை வாயு என்றே கருதி மருந்து உண்ணப்படுகின்றன. நோயற்றோர் எல்லோரையும் சோதித்து இதை முன்னறியும் முறை இன்னும் கைவரவில்லை. இங்கிலாந்தில் 2 லட்சம் மாதரை வைத்துச் செய்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2021இல் வந்தது. அதிலும் சோதனையால் மரணம் குறையவில்லை. ஆகவே இக்குறிகள் புதிதாகத் தோன்றி வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் செல்வதே வழி. தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ சூலகத்திலாவது மார்பிலாவது புற்று இருந்ததென்றால் அதை அவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். சிலரிடம் இது பரம்பரையாக வருவதுண்டு.

இப்புற்றுகளுக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் உளர். பிரசவம் பார்ப்பதில் வல்லவர் எல்லோரும் புற்றுநோய் அறுவையில் வல்லவர் ஆகார். அமெரிக்காவில் இவர்களுக்கெனத் தனிச் சங்கமும் உண்டு. முதல் அறுவை முறையாக அமைவதே பெரும்பான்மை நோயாளிகளின் விதியை நிர்ணயிக்கிறது. அவ்வுண்மையை எனக்கு உணர்த்தியவள் என் அக்காள்.

கருப்பையை எடுத்த நான்காம் மாதம் அவளுக்கு மீண்டும் இரத்தம் கண்டது. காலில் வீக்கமும் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்றோம். அங்கே ஒரு மருத்துவ அம்மையார் நிதானமாகச் சோதித்துவிட்டு, "எடுத்த கருப்பையின் பரிசோதனைச் சீட்டு எங்கே, ஐயா?" என்று என்னைக் கேட்டார். சீட்டு இல்லை; அதைச் சோதனைக்கு அனுப்பவே இல்லை. கருப்பை வாயில் புற்று இருந்திருக்கிறது. அறுவைக்கு முன் ஒரு துணுக்குச் சதையை எடுத்துச் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். வேண்டிய சிகிச்சை வேறு, நடந்தது வேறு. கதிர்ச் சிகிச்சை அளித்தார்கள். 2006 தை மாதத்தில் அவள் மறைந்தாள்.

ஆயிரம் மாணவர்களை "ஏன்? எப்படி?" என்று கேட்கப் பழக்கிய நான், கேட்க வேண்டிய நாளில் கேட்காமல் கையொப்பமிட்டேன். ஆதலால் உங்களைக் கேட்கச் சொல்லுகிறேன். எதனால் இரத்தம் போகிறது? சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தீர்களா? அறுவைக்குப் பின் உறுப்பைச் சோதனைக்கு அனுப்புவீர்களா? புற்று என்றால் எந்தப் படி? இதற்கென்றே பயின்ற நிபுணர் எங்கே இருக்கிறார்? இவ்வைந்து வினாக்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். நல்ல மருத்துவர் எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அக்காள் இறந்த சில ஆண்டுகளுக்குப் பின் அவள் மகளை என் மனைவி சோதனைக்கு அழைத்துச் சென்றாள். அவளுக்கு அப்போது 34 வயது; எந்த நோவும் இல்லை. "நன்றாக இருக்கிறேனே, மாமா, எதற்கு?" என்று என்னிடம் முறையிட்டாள். "நன்றாக இருக்கும்போதே போக வேண்டும், அம்மா" என்றேன். சோதனையில் மாறுதல் தெரிந்தது. காலையில் சிகிச்சை செய்து மாலையில் வீட்டிற்கு அனுப்பிவிட்டார்கள். இன்று அவள் தன் பெண்ணின் கல்யாணத்திற்குப் பொருள் சேர்த்துக் கொண்டிருக்கிறாள். தாயை இழந்த நோய்க்கு மகள் தப்பினாள். இடையில் மருத்துவம் பெரிதாக மாறிவிடவில்லை, நாங்கள் மாறினோம்.

இப்பேச்சைக் கேட்கும் ஆண் மக்களே, உங்கள் இல்லத்துத் தாயோ மனைவியோ தமக்கையோ மறைத்து வைக்கும் நோவு உண்டா என்று இன்றே விசாரியுங்கள். அவர்கள் கூச்சத்தால் சொல்லாதிருக்கலாம். நீங்கள் கேளாமல் இருக்கலாகாது. தாய்மார்களே, வெட்கத்தை ஒரு நாள் ஒதுக்கி வையுங்கள். 60 மைல் குதிரை மேல் சென்ற அம்மாதைப் போல நீங்கள் துன்புற வேண்டுவதில்லை. நகரப் பேருந்தில் ஏறினால் போதும்.